தலைப்புள்ளி

புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு முயல் வீட்டில் இருந்தவர்கள்: நான், முத்தலிபு நானா, பதினேழு முயல்கள். காலையில் பதினெட்டு இருந்தன. ஒன்று பிற்பகல் மூன்றரைக்கே தன் கடமையை முடித்துக்கொண்டு போய்விட்டது. ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டர் றைஸா நாலு மணிக்குத் தன் வான் வண்டியில் கற்பிட்டிக்குப் போய்விட்டார், ஆகவே அவரை இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

முயல்களை எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டீர்கள். இருந்த எவரையும் விடக்கூடாது என்பது என் பழக்கம். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கும் அதுதான் காரணம். நான் தமிழில் சொல்ல, உங்கள் சார்ஜன்ட் சிங்களத்தில் எழுத, பிறகு அதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்ட, அதற்குள் இரண்டு ஊசி நேரம் போய்விடும். அவர் கையெழுத்தும் எனக்குத் திருப்தியில்லை.

என் பெயர் அன்ரனிப்பிள்ளை. ஊர் தலவில. வயது முப்பத்தொன்று. மிருக வைத்தியம் மூன்றாம் வருடம் வரை படித்தேன். வகுப்புகள் காலை எட்டு மணிக்குத் தொடங்கின. என் மூளை இரவு எட்டு மணிக்குத்தான் தொடங்கும். பல்கலைக்கழகம் நேரத்தை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை, அவ்வளவுதான் பிரச்சினை. டொக்டர் றைஸா அங்கே எனக்கு இரண்டு வருடம் இளையவர். அப்போது என்னை அன்ரனி அண்ணா என்பார். இப்போது அன்ரனி என்பார். அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

முயல் வீடு எத்தாளையில் கடலேரிப் பக்கம் இருக்கிறது. முன்பு இறால் குஞ்சு பொரித்த கட்டடம். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து முதலாளி கைவிட்டுப் போனபின், கொழும்புக் கம்பனி ஒன்று அதை எடுத்து முயல்களைக் கொண்டுவந்தது. வேலை விளங்குவதற்குச் சுலபம். மூளைக்காய்ச்சல் தரும் கிருமியில் ஒரு வகைக்கு இப்போது வழமையான மருந்துகள் கேட்பதில்லை. அந்தக் கிருமியை முயலுக்கு ஏற்றுவோம். பதினாறு மணித்தியாலம் விடுவோம். பிறகு பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மூன்று நாட்களில் ஐந்து தடவை, காது நரம்பில் ஊசி. ஆறு முயலுக்குப் பழைய மருந்து, ஆறு முயலுக்குப் புதிய மருந்து, ஆறு முயலுக்கு வெறும் உப்புத் தண்ணீர். உப்பளங்கள் நிறைந்த புத்தளம் மாவட்டத்துக்குக் கொழும்பிலிருந்து உப்புத் தண்ணீர் கொண்டுவந்த ஒரே நிறுவனம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

எந்தப் போத்தலில் எது என்பது டொக்டருக்கு மட்டும் தெரியும். ஊசி போடுகிறவனுக்குத் தெரிந்தால் அவன் கண் ஏமாற்றும். நல்ல மருந்து போட்ட முயல் துள்ளுவதுபோலவே அவனுக்குத் தோன்றும். ஒன்று, இரண்டு, மூன்று என்று போத்தலில் எழுதினால் ஒன்றைத்தான் நல்ல மருந்து என்று நினைப்போமாம். ஆகவே டொக்டர் மூன்று அறபு எழுத்துகளை எழுதினார். ஜீம், ஹே, கே. மூன்றும் ஒரே வளைவு. புள்ளி மட்டும்தான் வித்தியாசம். ஜீமுக்கு வயிற்றில் புள்ளி. கேக்குத் தலைக்கு மேல் புள்ளி. ஹேக்குப் புள்ளியே இல்லை. நான் வேதக்காரன், கத்தோலிக்கன், எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் அது பாதுகாப்பு என்று அவர் நினைத்தார். பகலில் முயல்களைப் பார்க்கும் முத்தலிபு நானாவுக்குக் குர்ஆன் பள்ளியில் ஓதிய எழுத்து அது என்பதை அவர் நினைக்கவில்லை. படித்தவர்கள் விடுகிற பிழை.

நானா அந்த எழுத்துகளுக்கு முதல் வாரமே பெயர் வைத்துவிட்டார். வயிற்றுப்புள்ளி, மொட்டை, தலைப்புள்ளி. எது எந்த மருந்து என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் காலையில் வெறுமையான கூடுகளைக் கழுவுகிறவருக்குச் சொல்லவும் வேண்டியதில்லை. மொட்டைக் கூடுகளைத்தான் அவர் முதலில் கழுவுவார். பிறகு வயிற்றுப்புள்ளி. தலைப்புள்ளி முயல்கள் மட்டும் மூன்றாம் நாளும் கரட்டுக்குச் சண்டை போடும்.

முத்தலிபு நானாவைப் பற்றி நீங்கள் கேட்டதை எல்லாம் எழுதுகிறேன். வயது ஐம்பத்திரண்டு. மன்னார், முசலிப் பக்கம். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் துரத்தப்பட்டு வந்தவர். குடியேற்றக் கிராமத்தில் வீடு. பிள்ளைகள் இல்லை, மனைவி ஹாஜரா மட்டும். முயல்களுக்குத் தீன் போடும்போது பிஸ்மி சொல்லிப் போடுவார். முயல் இறைச்சி தின்ன மாட்டார். ஏனென்று கேட்டால் கூட வேலை செய்கிறவனைத் தின்பதா என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் அரை டொக்டர். அதை எத்தாளை முழுதும் பரப்பியவரும் அவர்தான். மீன்வாடியில், பாண் வாங்கும் கடையில், தலவில பஸ்ஸில் எல்லாம் நான் அரை டொக்டர். நான் கோபிக்கவில்லை. மூன்று வருடம் படித்தேன், படிப்பு ஐந்து வருடம், ஆகவே அது அரையை விடக் கொஞ்சம் கூட என்று ஒருநாள் திருத்தினேன். அதையும் சேர்த்துப் பரப்பினார்.

அந்த வாரம் அவருக்கு முக்கியமான வாரம். வெள்ளிக்கிழமை மன்னாரில் காணிப் பத்திரம் கொடுக்கிறார்கள் என்று கடிதம் வந்திருந்தது. ஆள் நேரில் வர வேண்டும், வராவிட்டால் பெயர் வெட்டப்படும். ஹாஜரா திங்கட்கிழமையே போய், உறவினர் வீட்டில் தங்கி, காணியில் பற்றை வெட்டத் தொடங்கியிருந்தார். நானாவுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு. வியாழன் இரவு பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. இருபத்திநாலு வருடத்துக்குப் பிறகு தன் கிணற்றில் குளிக்கப் போகிறேன் என்று முயல்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அவருக்கு நெடுநாளாக ஒரு காதில் சீழ். இரண்டு குளிசை வாங்கிப் போடுவார், சுகமானதும் நிறுத்துவார், மறுபடியும் சீழ் வரும். ஒரு கிருமியை மருந்துக்குப் பழக்கி எடுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது, டொக்டருக்காக நாங்கள் ஒரு முயலையும் பயன்படுத்தியிருக்க வேண்டியதில்லை என்று நான் பகிடியாகச் சொல்வேன். அவரும் சிரிப்பார்.

புதன் காலை வேலையைக் கைமாற்றும்போது அவர் தலையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு வந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். மாலையில் நான் திரும்பி வந்தபோது கூடுகளுக்குப் பக்கத்தில், சுவரோடு சாய்ந்திருந்தார். வயிறு புரட்டி இரண்டு தடவை சத்தி எடுத்ததாகச் சொன்னார். நான் முதலில் முயல்களுக்கு ஊசி போட்டேன். ஆறு மணி ஊசி ஆறு மணிக்கே போட வேண்டும். பதினாலு மாதத்தில் ஒரு ஊசிகூட நான் தவறவிட்டதில்லை, தாள்களைப் பாருங்கள். ஆறு முப்பத்தைந்துக்குத்தான் அவரிடம் போனேன்.

"அரை டொக்டர், எனக்கொரு முழு ஊசி போட ஏலுமா?" என்றார்.

"என்ன நானா செய்யுது?"

"காதுக்குள்ள எஞ்சின் போட் ஓடுது. தலை பிளக்குது. வெள்ளிக்குள்ள என்னய நிமித்தி உட்டாக் காணும்."

ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் சொன்னேன். போனால் மறித்து வைத்துவிடுவார்கள், வெள்ளிக்கிழமை மன்னாரில் தன் பெயரைக் கூப்பிடும்போது தான் இங்கே கட்டிலில் கிடப்பதா என்று கேட்டார். நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

தாடையை நெஞ்சில் தொடச் சொன்னேன். முடியவில்லை. கழுத்து மரம்போல இருந்தது. டோர்ச்சை அடித்ததும் கையால் கண்ணை மறைத்தார். அது என்ன என்று எனக்குத் தெரியும். அதுவரை முந்நூற்றுக்கு மேற்பட்ட முயல்களில் பார்த்திருக்கிறேன். கொழும்பிலேயே என் அளவுக்கு அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. அவரிடம் காதுக் காய்ச்சல் என்றேன். அதுவும் பொய்யில்லை, அது காதிலிருந்துதான் தொடங்கியிருக்கும்.

என்ன மருந்து வேண்டும் என்பதையும் அவரே சொன்னார்.

"தலைப்புள்ளியப் போடுங்க. மொட்டையப் போட்டுராதீங்க தம்பி. நான் மௌத்தாப் போனா கூட்டக் கழுவ ஆளில்ல."

இப்போது நான் உங்களுக்கு ஒரு சின்னக் கணக்குச் சொல்ல வேண்டும். முத்தலிபு நானா ஐம்பத்தைந்து கிலோ. எங்கள் முயல் இரண்டரைக் கிலோ. அதாவது மருந்தைப் பொறுத்தவரை நானா இருபத்திரண்டு முயல். இதை அவரிடமே சொன்னேன். அப்படியென்றால் தனக்கு இருபத்திரண்டு பேருக்குக் கரட் வெட்டச் சொன்னார். தலைப்புள்ளிப் போத்தலில் அப்போது மிச்சமிருந்தது பதினெட்டு முயல் ஊசி. ஆறு முயல், இன்னும் மூன்று தடவை. நானாவுக்கு ஒரு ஊசி போட்டாலே போத்தல் காலி, அதற்கும் போதாது. வியாழன் காலை முதல் ஆறு முயல்களுக்கும் மருந்தில்லை, பதினாலு மாத வேலை கடலேரியில்.

மறுத்திருக்கலாம் என்பீர்கள். மறுத்தால் இரவில் நோய் கூடி, யாராவது ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள். என்ன வேலை செய்கிறாய் என்று அங்கே கேட்பார்கள். மூளைக்காய்ச்சல் முயல்களோடு வேலை என்பார். விடிவதற்குள் சுகாதாரத் திணைக்களம் எங்கள் வாசலில் நிற்கும். முயல் வீட்டைப் பூட்டி, முயல்களை அழித்துவிடுவார்கள். எனக்குத் தேவைப்பட்டது அதிகம் ஒன்றுமில்லை. வெள்ளி காலை ஆறு மணிவரை அமைதி. முப்பத்தாறு மணித்தியாலம். ஒரு மனிதர் நல்ல நம்பிக்கையோடு படுத்திருக்க முப்பத்தாறு மணித்தியாலம் பெரிதல்ல. அந்த மருந்து வெளியே வந்தால் எத்தனை ஆயிரம் பேர் பிழைப்பார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நான் எண்ணினேன்.

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மொட்டைப் போத்தலை எடுத்தேன். அதில் உப்புத் தண்ணீர் தாராளமாக இருந்தது. அவருக்கு முதுகைக் காட்டியபடி, மார்க்கர் பேனையால் எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தேன்.

நான் அவரிடம் பொய் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் எதுவும் சொல்லவில்லை. போத்தலை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். வெளிச்சம் கூசியும், ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஓம், கே," என்றார். பிஸ்மி சொல்லிக் கையை நீட்டினார்.

நல்ல நரம்பு. முயல் காதைவிட எவ்வளவோ சுலபம். ஊசியை எடுத்தபின், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் புள்ளியை அழித்தேன். முயல்களுக்கு மாறிவிடக்கூடாதல்லவா. போத்தலை அதன் இடத்தில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் சுகமாக இருக்கிறது என்றார். உண்மையாகவே அவர் முகம் தெளிந்திருந்தது. உப்புத் தண்ணீருக்கு அப்படி ஒரு குணம் உண்டு, அதனால்தான் சோதனைகளில் அதை வைக்கிறார்கள். என் கையைப் பிடித்து, "டொக்டர்" என்று மட்டும் சொன்னார். அரையை விட்டுவிட்டார். நான் அதைத் தாளில் எழுதவில்லை, அதற்குக் கட்டம் இல்லை.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முயலுக்கும் ஒரு வரி. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புள்ளி போடுவோம். நன்றாக ஓடினால் நாலு. மந்தமாக இருந்தால் மூன்று. பக்கவாட்டில் படுக்க வைத்து ஐந்து விநாடிக்குள் எழும்பாவிட்டால் இரண்டு. எழும்பவே முடியாவிட்டால் ஒன்று. ஒன்று வந்தால் எந்த நேரமானாலும் டொக்டரைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து மயக்க மருந்து ஏற்றி முயலை வருத்தமில்லாமல் அனுப்பிவிடுவார். இது கண்டிப்பான விதி, நான் ஒரு நாளும் மீறியதில்லை.

பதினெட்டு வரிக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக இருந்தது. பத்தொன்பது என்று போட்டு எழுதத் தொடங்கினேன். மருந்து இல்லாத முயலைப் பற்றி நிறையத் தெரியும். மருந்து இல்லாத மனிதனை மணித்தியாலம் மணித்தியாலமாக உட்கார்ந்து எழுதியவர்கள் அதிகம் இல்லை. நான் அதற்காக எதையும் செய்யவில்லை என்பது விளங்க வேண்டும். எப்படியும் நடந்துகொண்டிருந்ததை எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால்தான் வீண்.

மாலை ஏழுக்கு மூன்று. பதினொன்றுக்கு மூன்று. விடியற்காலை மூன்று மணிக்கு அவரைப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, எழும்பச் சொல்லி மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினாலு விநாடி. இரண்டு என்று எழுதினேன். என்ன விளையாட்டு இது என்று கேட்டார். முயல்கள் உங்களைவிடக் கெட்டி என்றேன். முயலுக்கு மன்னாரில் காணியில்லை, அதுக்கென்ன அவசரம் என்றார். அந்த நிலையிலும் வாய் மட்டும் நாலு புள்ளியில் இருந்தது.

வியாழன் காலை ஆறு மணிக்கு முயல்களுக்கு மூன்றாவது ஊசி போட்டேன். பிறகு மறுபடியும் புள்ளி வைத்து நானாவுக்கு இரண்டாவது ஊசி. இந்தத் தடவை அவர் எழுத்தைப் பார்க்கவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஆனாலும் நான் புள்ளி வைத்தேன். வேலையில் ஒழுங்கு என்றால் அதுதான்.

ஏழு மணிக்கு ஒன்று.

டொக்டரை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்கிறீர்கள். அந்த விதி முயல்களுக்கு எழுதப்பட்டது.

எட்டரைக்கு டொக்டர் வருவார். நானாவின் லீவு நாள் என்பதால் அன்று தீன் போடுவதும் டொக்டர்தான். ஆகவே நானா இருக்க வேறோர் இடம் தேவைப்பட்டது. கட்டடத்தின் பின்பக்கம், முன்பு இறால் குஞ்சுகளை இருட்டில் வைத்த அறை ஒன்று இருக்கிறது. ஜன்னல் இல்லை. அவருக்கு வெளிச்சம் ஆகாது. அங்கே சாக்கு விரித்து, தண்ணீர்ப் போத்தல் வைத்தேன். அவருடைய போனை நான் எடுத்துக்கொண்டேன். மணியடித்தால் தலை பிளக்கும் என்று அவரே சொல்லியிருந்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். நான் நன்றாகத்தான் தூங்கினேன், மறைக்க ஒன்றுமில்லை.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தப் போன் அடித்தது. ஹாஜரா.

"யாரு பேசுற?"

"அன்ரனி, ஹாஜராத்தா. நைட் டியூட்டி."

"அவரு எங்க? ராவெல்லாம் எடுக்கிறன், ஆளு பேசுறாரில்ல."

"கொஞ்சம் காய்ச்சல். இப்ப நல்லாத் தூங்குறார். மருந்து போட்டிருக்கிறன்."

"நல்ல மருந்தா தம்பி?"

"இருக்கிறதிலயே நல்லது."

அந்தப் பக்கம் யாரோ பற்றை வெட்டும் சத்தம் கேட்டது. கிணற்றை இறைத்துவிட்டதாகவும், தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீராகவே இருப்பதாகவும் சொல்லி, அதை அவர் எழும்பியதும் அவரிடம் சொல்லச் சொன்னார். பஸ்ஸுக்கு ஏற்றி விடுவீர்களா என்று கேட்டார். ஏற்றி விடுகிறேன் என்றேன். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான் என்றார். பரக்கத் என்றால் பெருக்கம் என்று நானா ஒருநாள் சொல்லியிருக்கிறார். முயல் வளர்க்கிற இடத்தில் அதற்குக் குறைவில்லை.

அன்று கொஞ்சம் முந்தியே, ஐந்து நாற்பதுக்குப் போனேன். டொக்டர் போய்விட்டார். இருட்டறையைத் திறந்தேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை, ஏனென்றால் அவர் நான் விரித்த சாக்கில் இல்லை, கதவோடு இருந்தார். தண்ணீர்ப் போத்தல் திறக்கப்படவில்லை. உடம்பு ஆறியிருந்தது. பத்தொன்பதாவது வரியில் பூச்சியம் போட்டேன். நேரம் எழுதுகிற கட்டத்தில் மாலை ஐந்து நாற்பது, கண்ட நேரம், என்று எழுதினேன். நடந்த நேரம் தெரியாது. தாளில் உள்ள ஒரே குறை அது. அதற்காக வருந்துகிறேன்.

மறுபடியும் அறையைச் சாத்திவிட்டு ஆறு மணி ஊசியைப் போட்டேன். வெள்ளி காலை ஆறு மணிக்குக் கடைசி ஊசி. தலைப்புள்ளியில் ஆறு முயலில் ஐந்து உயிரோடு, அவற்றில் மூன்று முயல் நாலு புள்ளியில். வயிற்றுப்புள்ளியில் ஒன்று. மொட்டையில் ஒன்றுமில்லை. பதினாலு மாதத்தில் இவ்வளவு சுத்தமான முடிவு வந்ததில்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், இரவு அவதானிப்பு என்று என் பெயரைப் போடுவதாக டொக்டர் சொல்லியிருந்தார். தாள்களை அடுக்கி, கூடுகளைத் துடைத்து, ஆறு முப்பதுக்கு அவருக்குப் போன் எடுத்தேன். இரண்டு செய்தி இருக்கிறது என்றேன். நல்லதை முதலில் சொன்னேன்.

டொக்டர் வந்து தாளைத்தான் முதலில் வாசித்தார். பதினெட்டு முயலுக்குப் பத்தொன்பது வரி ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"என்ட அலுமாரியில அந்த மருந்து இன்னும் பத்துப் போத்தல் இரிக்கே, அன்ரனி அண்ணா. ஏன் கேக்கல?"

அண்ணா என்று சொன்னதைக் கவனித்தேன். அதிர்ச்சியில் பழைய பழக்கம் வந்திருக்கும்.

பத்துப் போத்தல் இருப்பது எனக்குத் தெரியும். வான் வண்டியிலிருந்து பெட்டியை இறக்கியவன் நான்தான், ஒப்பமிட்டவனும் நான்தான். கேட்டிருந்தால் தந்திருப்பார். அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தந்துவிட்டு என்ன செய்திருப்பார்? நானாவைத் தன் வானில் ஏற்றி, சைரன் இல்லாத குறைக்கு ஹோர்னை அடித்துக்கொண்டு புத்தளத்துக்குப் போயிருப்பார். ஒருவேளை காப்பாற்றியும் இருப்பார். டொக்டர் றைஸா காப்பாற்றினார் என்று எத்தாளை முழுதும் பேசியிருக்கும், முத்தலிபு நானாவே பேசியிருப்பார், அவர் வாய் உங்களுக்குத் தெரியாது. இதற்கும் நான் கேட்காததற்கும் தொடர்பில்லை. நான் நினைத்தது முயல்களைப் பற்றி மட்டும்.

நீங்கள் மூன்று தடவை கேட்டது பூட்டைப் பற்றி. மருந்தைப் பற்றி ஒரு தடவைதான் கேட்டீர்கள். பொலிசுக்குப் பூட்டு விளங்கும், மருந்து விளங்காது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. டொக்டரும் தன் வாக்குமூலத்தில் ஒன்று சொல்லியிருக்கிறார் என்றீர்கள். வியாழன் பகல் பதினொரு மணிபோல் பின்பக்கம் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது, கூரைத் தகரம் காற்றில் அடிக்கிறது என்று நினைத்தேன் என்று. அரை மணித்தியாலம் தட்டியதாம். ஒன்று புள்ளியில் இருக்கிறவர் அவ்வளவு நேரம் தட்ட முடியாது. அந்த வரியில் நான் போட்ட புள்ளி பிழையாக இருக்கலாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆகவே வியாழன் காலை ஏழு இருபதுக்கு நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன், இதோடு முடிந்தது.

அவர் என் தோளைப் பிடித்து நடந்து வந்தார். நடக்கவில்லை என்று முதலில் உங்கள் கேள்விக்குச் சொன்னேன், அது சரியல்ல, நடந்தார். வாசலில் நின்று உள்ளே பார்த்தார். இருட்டாக இருப்பது நல்லது என்றார். பிறகு, "தம்பி, கூடினா யாரக் கூப்பிர்ற?" என்று கேட்டார். மாலையில் நான் வருவேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். கண் கூசியதால் இருக்கலாம், சரியாகப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. டொக்டர் அம்மாவுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்கள் என்றார். நான் சரி என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தினேன். கொண்டுவந்திருந்த பூட்டைப் போட்டேன், அதன் திறப்பைப் பொக்கற்றில் வைத்தேன், பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். காற்றில் கதவு அடித்துவிடக்கூடாதே என்றுதான்.